மூன்றாம் நிரையின் சாய்வு

இரண்டு தடவை அந்தப் பாடத்தில் கோட்டை விட்டேன். மூன்றாவது தடவையோடு வாசல் மூடிவிடும். வெளியிலிருந்து படித்து எழுதுகிற வெளிவாரிப் பட்டப் பரீட்சையின் விதி அது. மற்றப் பாடங்கள் பதினொன்றும் கைக்கு வந்துவிட்டன. வகையீட்டுச் சமன்பாடுகள் என்ற பாடம் மட்டும் என்னோடு மல்லுக்கு நின்றது. அது தேறினால் பட்டம். பட்டம் இருந்தால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க விண்ணப்பிக்கலாம், பால் வெட்டும் கத்தியைக் கீழே வைக்கலாம். தேறாவிட்டால் சாகும்வரை கத்திதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

கரவனெல்லவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பால் வெட்டுகிறேன். பெயர் ராகினி. வயது இருபத்தொன்பது. உயர்தரத்தில் கணிதம் எடுத்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றுபோனவள். அந்த வருஷமே அம்மாவின் முழங்கால்கள் மலை ஏற மறுத்தன. அம்மா வெட்டிய இருநூற்றெண்பது மரங்களும் என் கைக்கு வந்தன. வீட்டிலிருந்து ஒருவராவது மலைக்குப் போனால்தான், தோட்டம் தன் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லயத்து அறை எங்களுடையது. எனவே இதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. யோசித்திருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

தோட்டத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் என்று எண்ணிவிட வேண்டாம். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கும்போது, டீச்சர் இன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினீர்கள் என்று கேட்பார்கள். இருநூற்றெண்பது பிள்ளைகள், ஒன்றுக்கும் மண்டையில் ஏறவில்லை என்று நானும் பதில் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

என் காலை வாரிய கேள்வி எப்போதும் ஒன்றுதான். கட்டாயக் கேள்வி, சாய்வுப் புலம் வரைதல். அது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தாளில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் சமன்பாடு ஓர் எண்ணைத் தரும். எண் பூச்சியத்துக்கு மேல் இருந்தால் அந்தப் புள்ளியில் வலப்பக்கம் ஏறுகிற ஒரு குட்டிக் கோடு. பூச்சியத்துக்குக் கீழே போய் மறையாக இருந்தால் இறங்குகிற கோடு. பூச்சியமென்றால் படுத்துக்கிடக்கும் கோடு. எண் பெரிதாகப் பெரிதாகக் கோடு நிமிர்ந்துகொண்டே போகும். தாள் முழுக்க இப்படிப் போட்டு முடித்ததும், கொடுத்த ஒரு புள்ளியில் பென்சிலை வைத்து, கோடுகள் காட்டும் பக்கமாக விட்டால் சமன்பாட்டின் விடை தானாக வரும்.

புரிந்துகொள்ள எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். விளங்காத பாடத்தில் தோற்றால் மனசு ஆறும். விளங்கிய பாடத்தில் தோற்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதல் தடவை ஒவ்வொரு கோட்டையும் அடிமட்டம் வைத்து அளந்து போட்டேன். நூற்றறுபத்தொன்பது கோடுகள். முடிக்கும்போது ஒன்றே கால் மணித்தியாலம் போய்விட்டது, மற்றக் கேள்விகளில் பாதியைத் தொடவே நேரமில்லை. இரண்டாம் தடவை அடிமட்டத்தைத் தொடவில்லை. வகுப்பெடுக்கிற சேர் சொன்னபடி வெறும் கையால் விறுவிறுவென்று போட்டேன். நன்றாகச் செய்துவிட்டேன் என்று அம்மாவிடமும் சொல்லி வைத்தேன். நாற்பது எடுத்தால் தேறலாம். முப்பத்தேழு வந்தது.

ஏன் என்று எனக்குச் சொன்னவள் றிப்னா. சனிக்கிழமைகளில் வரக்காப்பொலவில், ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு வகுப்பு நடக்கும். சேர் சிங்களத்தில் படிப்பிப்பார், குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும், நான் தமிழில் யோசிப்பேன். மூன்று மொழியில் ஒரே தோல்வி. வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் றிப்னாவும் மட்டும்தான். அவள் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. என்னைவிடக் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன், என்னைவிடப் பொறுமைசாலி.

பயிற்சிக்கு வரைந்த தாளை சேரிடம் கொடுத்தபோது அவர் அதைக் கையில் எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தார். "ஒக்கோம எக பெத்தட்டனே," என்றார். எல்லாம் ஒரே பக்கம்தானே என்று அர்த்தம். சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். றிப்னா என் தாளை வாங்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் தன் தாளை வைத்துப் பார்த்தாள். பிறகு பாகைமானியை எடுத்து என் கோடுகளில் பத்துப் பன்னிரண்டை அளந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ராகினி," என்றாள். "பக்கத்துல எழுதியிருக்கிற நம்பர் எல்லாம் சரி. ஆனா கோடு எல்லாம் ஒண்ணு. முப்பது பாகை. இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. ஒண்ணுகூடத் தப்பல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பால் வெட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரப்பர் மரத்தின் பட்டையில் வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் இறங்க வேண்டும், முப்பது பாகையில். அப்போதுதான் பால் வெட்டின் வழியே ஓடி, தகரப் பீலியில் விழுந்து, சிரட்டைக்குள் இறங்கும். கூடினால் பட்டை வீண். குறைந்தால் பால் வெட்டைத் தாண்டி வழியும். புதிதாக வருகிறவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு தகடு கொடுப்பார்கள். கம்பில் அறைந்த தகடு, அதை மரத்தில் வைத்து அதன் ஓரமாகக் கீற வேண்டும். எனக்கு அந்தத் தகடு வேண்டியிருந்தது முதல் மூன்று மாதம் மட்டும்தான். பிறகு கையே தகடாகிவிட்டது. பத்து வருஷத்தில் எத்தனை இலட்சம் வெட்டு என்று ஒருமுறை கணக்குப் பார்த்துப் பாதியில் விட்டேன்.

அந்தக் கைதான் பரீட்சை எழுதப் போகிறது. முதல் பத்து, பதினைந்து கோடுகளுக்குச் சொல்பேச்சுக் கேட்கும். இரண்டு என்ற எண்ணுக்கு இரண்டு போலவே நிமிரும், மறை ஒன்றுக்கு ஒழுங்காக இறங்கும். நிரை ஒன்று முடிந்து அடுத்த நிரைக்குத் திரும்பியதும் அதற்கு மலை ஞாபகம் வந்துவிடும். ஒரு மரம், ஒரு வெட்டு. அடுத்த மரம், அடுத்த வெட்டு. தலை கணக்குப் போட்டபடியே இருக்கும், கை பால் வெட்டிக்கொண்டிருக்கும்.

பழக்கத்தைப் பழக்கத்தால்தான் உடைக்க முடியும் என்று நினைத்தேன். வெட்டி முடித்த பிறகு பால் வடியும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் தேத்தண்ணீர் குடிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். நான் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அப்பியாசக் கொப்பியில் ஏறுகோடு போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கொப்பி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கையில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

என்னுடைய மலை படிப்படியாக நிரை கட்டி நட்ட மலை. கீழ் ரோட்டிலிருந்து மேலே முதலாம் நிரை, இரண்டாம் நிரை என்று போகும். ஒவ்வொரு நிரையிலும் மரங்கள் ஒரே இடைவெளியில் நிற்கும். கட்டம் போட்ட தாள் வேறெப்படி இருக்கும்? மரத்தின் எண்ணை x என்று வைத்தேன், நிரையின் எண்ணை y என்று வைத்தேன். y இலிருந்து x ஐக் கழி. அதுதான் அந்த மரத்தின் சாய்வு. பரீட்சையில் திருப்பித் திருப்பி வருகிற மூன்று சமன்பாடுகளில் அது ஒன்று. ஐந்தாம் நிரையின் மூன்றாம் மரம், சாய்வு இரண்டு. மூன்றாம் நிரையின் ஐந்தாம் மரம், மறை இரண்டு. கை வழக்கம்போல் முப்பது பாகையில் வெட்டும், கண் அந்த மரத்தில் சரியான கோட்டைப் பார்க்கும்.

இரண்டு கிழமையில் எண்ணைச் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. மரத்தைப் பார்த்ததும் கோடு தெரிந்தது. மலையில் ஏற ஏறக் கோடுகள் எப்படி நிமிர்கின்றன, குறுக்கே நடக்க நடக்க எப்படிச் சாய்ந்து படுத்துப் பிறகு இறங்குகின்றன என்று உடம்பால் தெரிந்தது. பத்து வருஷம் ஏறி இறங்கிய மலையில் முதல்முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதிலும் தப்பிருக்காது.

அம்மாவுக்கு மட்டும் ஏதோ மணத்தது. நான் சாப்பிட்டபடியே தட்டில் விரலால் கோடு போடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மரத்தப் பாத்து வெட்டு. தாளப் பாத்து எழுது. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத."

அம்மா இராஜம் இருபத்தெட்டு வருஷம் இதே தோட்டத்தில் பால் வெட்டியவள். பேச்சு குறைவு. சரிம்மா என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பரீட்சைக்கு ஏழு கிழமை இருக்கும்போது எங்கள் மலையில் புதுப்பட்டை திறக்கும் வேலை வந்தது. ஒரு பக்கத்துப் பட்டை வெட்டித் தீர்ந்ததும், மரத்தின் மறுபக்கம் புதிதாக முதல் கோடு கீறி அங்கிருந்து தொடங்க வேண்டும். சாதாரண நாளில் நேற்றைய வெட்டின் ஓரத்தைத்தான் மெல்லச் சீவுவோம், கை தவறினாலும் பழைய வெட்டு வழிகாட்டும். புதுப்பட்டையில் வழிகாட்ட ஒன்றும் இருக்காது. அதனால் எல்லோரும் தகடு வைத்துத்தான் கீறுவார்கள். எனக்கு மட்டும் கங்காணி இராமசாமி தகடு இல்லாமல் கீற விட்டிருந்தார். எங்கள் மலையில் அந்தச் சலுகை எனக்கு மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அன்று மழை இல்லை. முதலாம் நிரையையும் இரண்டாம் நிரையையும் ஒழுங்காகக் கீறி முடித்தேன். மூன்றாம் நிரைக்கு ஏறினேன். முதல் மரம், இரண்டாம் மரம், மூன்றாம் மரம் என்று கீறிச் சீவிப் பீலி குத்திச் சிரட்டை வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். எட்டாவது மரத்தில் கத்தி ஏதோ இறுக்கமாகப் போனது. ஏன் என்று திரும்பி நிரையைப் பார்த்தேன்.

முதல் மரத்தில் வெட்டு வலப்பக்கமாக நன்றாக நிமிர்ந்து ஏறியிருந்தது. இரண்டாவதில் பாதிக்கு ஏறியிருந்தது. மூன்றாவதில் மட்டமாகப் படுத்திருந்தது. நான்காவதில் இறங்கத் தொடங்கி, ஐந்து, ஆறு, ஏழு என்று மேலும் மேலும் சரிந்து, எட்டாவதில் கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக நின்றது. இரண்டு, ஒன்று, பூச்சியம், மறை ஒன்று, மறை இரண்டு, மறை மூன்று, மறை நான்கு, மறை ஐந்து.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது பயமல்ல. சரி என்ற எண்ணம்தான் வந்தது. எட்டும் சரி. அடிமட்டம் இல்லை, பாகைமானி இல்லை, கை தானாகப் போட்டது. போன பரீட்சையிலும் கொப்பிக் கணக்கிலும் வெறும் கைக்கு வராத சாய்வுப் புலம், என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிழையில்லாமல் வந்திருந்தது. நான் கத்தியைப் பிடித்தபடி நின்று அதைப் பார்த்து ரசித்தேன். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது.

பிறகுதான் பாலைக் கண்டேன். முதல் மரத்தில் அது இடப்பக்கமாக ஓடி, சிரட்டை இல்லாத பக்கத்தில் பட்டை வழியே இறங்கி வேரில் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மரத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் தேங்கி வழிந்தது. எட்டாவதில் துளித் துளியாகக் கசிந்தது. புதுப்பட்டையில் பிழையாக வெட்டினால் அந்த இடம் ஆறிப் பழையபடி பால் தர வருஷக்கணக்காகும். கையால் பாலை வழித்துச் சிரட்டைக்குள் விடப் பார்த்தேன். அது விரலில் ஒட்டிக் கட்டியாகியது.

இராமசாமி மாமாதான் முதலில் வந்து பார்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எட்டு மரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கண்டக்டர் ஐயாவுக்கு ஆள் அனுப்பினார். பஸ்ஸில் வருகிறவர் அல்ல. தோட்டத்தில் மலை வேலைகளை மேற்பார்க்கிற உத்தியோகத்தரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். எங்கள் கண்டக்டர் ஞானசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு, அதுவரை வம்பு தும்பு வேண்டாம் என்று நினைக்கிற மனுஷன்.

"என்ன பிள்ளை இது? ஏன் இப்பிடி வெட்டினனீ?" என்று கேட்டார்.

சொல்ல என்னிடம் பதில் இருந்தது. y இலிருந்து x ஐக் கழித்தேன் ஐயா என்று சொல்லியிருக்கலாம். தலை சுற்றியது என்று பொய் சொன்னேன். அவர் எட்டு மரங்களையும் மறுபடி பார்த்தார். உயர்தரத்தில் கணிதம் படித்தவர் என்று கேள்வி. ஒருவேளை அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. இந்த வெட்டுகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதே என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் போல் இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தாயின்ர முகத்துக்காக இந்த ஒருக்கா விடுறன்," என்றார். "இனி ஒரு மரமெண்டாலும் பிழைச்சுதெண்டால் என்னால ஒண்டும் செய்யேலாது. மரமும் போகும், வீடும் போகும். விளங்குதோ?"

விளங்கியது. அன்றிலிருந்து நான் எல்லா மரத்துக்கும் தகடு வைத்து வெட்ட வேண்டும், கங்காணி பின்னால் வந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பத்து வருஷத்துக்குப் பிறகு, நேற்று வேலைக்கு வந்த பெண்களுக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கம்பை வாங்கினேன். டீச்சருக்கே பாடமா என்று யாரோ கேட்டார்கள். கம்பை அக்குளில் செருகிக்கொண்டு மலைக்கு ஏறினேன்.

எட்டு மரம் பிழைத்த அன்று மத்தியானமே அம்மா கேள்விப்பட்டு மலைக்கு வந்தாள். ஆறு வருஷமாக ரோட்டைத் தாண்டாத முழங்கால்களோடு, ஒரு கையில் தடி, மறு கையில் களிமண்ணும் சாணமும் குழைத்த சட்டி. மூன்றாம் நிரைக்கு ஏற அவளுக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நான் தூக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். முதல் மரத்தின் வெட்டில் பூசினாள், இரண்டாவதில் பூசினாள். நான்காவது மரத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"எட்டும் எட்டு மாதிரி இருக்கே," என்றாள். "இதுல எதுடி சரியா வெட்டுனது?"

"எல்லாமே சரிதாம்மா," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று தெரிந்ததும் அழுகை வந்தது. மிச்ச நான்கு மரத்துக்கும் அவளே பூசினாள். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பரீட்சை வரையில் என் வாழ்க்கை இப்படிப் போனது. காலையில் தகட்டை மரத்தில் வைப்பேன், ஓரமாகக் கத்தியை விடுவேன், முப்பது பாகை. வேறு எந்தக் கோட்டையும் நினைக்கக் கூடாது. நினைத்தால் வீடு போய்விடும். மரத்தின் எண் தானாகத் தலைக்குள் வரும்போது பல்லைக் கடித்து விரட்டுவேன், அம்மாவின் சட்டியை நினைத்துக்கொள்வேன். பின்னேரம் கொப்பியை விரித்து ஏறுகோடு போடுவேன். காலையில் கட்டியதைப் பின்னேரம் அவிழ்த்து, பின்னேரம் கட்டியதை மறுநாள் காலை அவிழ்த்தேன். தலைக்கு எத்தனை வேலை வேண்டுமானாலும் கொடுக்கலாம், அது பிரித்து வைத்துக்கொள்ளும். கை அப்படியல்ல. அது ஒரு எஜமானுக்குத்தான் உழைக்கும், எங்கள் வீட்டுக் கூரை எந்த எஜமானிடம் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மரத்தின் கதையை றிப்னாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பத்துக் கோட்டுக்கு ஒரு தடவை பென்சிலை வைத்துவிட்டு, கையை உதறி, ஒரு கோட்டை அளந்து பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னாள். வேறு வழி எனக்கும் தோன்றவில்லை.

பரீட்சை கொழும்பில். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து அவிசாவளை வழியாகப் போனேன். தாளைத் திருப்பினால் முதல் கேள்வியே அதுதான். சாய்வு சமன் y கழித்தல் x. மறை மூன்றிலிருந்து மூன்று வரை, அரை அரையாக, நிரைக்குப் பதின்மூன்று புள்ளிகள், பதின்மூன்று நிரைகள். புலத்தை வரைக, பூச்சியம், ஒன்று என்ற புள்ளியின் ஊடாகச் செல்லும் தீர்வையும் வரைக. இதைவிட எனக்குத் தெரிந்த கேள்வி உலகத்தில் இல்லை. இதன் மேல் நடந்திருக்கிறேன்.

மேல் நிரையிலிருந்து தொடங்கினேன். றிப்னா சொன்னபடி பத்துக்கு ஒரு தடவை நிறுத்தினேன், உதறினேன், அளந்தேன். முதலாம் நிரை சரியாக வந்தது. இரண்டாம் நிரையும் சரியாக வந்தது. நேரத்தைப் பார்த்தேன், இந்த வேகத்தில் போனால் முதல் தடவை மாதிரியே ஆகிவிடும். இனிக் கை பிடித்துக்கொள்ளும் என்று நம்பினேன். நம்பாவிட்டாலும் வேகமாகப் போகத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணை மனசுக்குள் சொல்லிச் சொல்லிக் கோடு போட்டேன். எண்கள் ஒன்றும் பிழைக்கவில்லை. கடைசி நிரையை முடித்து அடுத்த கேள்விகளுக்குப் போய், அவற்றை ஓரளவு எழுதி, தீர்வை வரைவதற்காக முதல் கேள்விக்குத் திரும்பி வந்தபோது ஆறு நிமிஷம் இருந்தது. அப்போதுதான் தாளை முழுதாகப் பார்த்தேன்.

மேலே இரண்டு நிரைகளில் இருபத்தாறு கோடுகளும் அதனதன் சாய்வில் நின்றன. மூன்றாம் நிரையிலிருந்து கீழே நூற்று நாற்பத்து மூன்று கோடுகளும் இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. அளக்கத் தேவையில்லை. இராமசாமி மாமா பார்த்தால் ஒரு குறை சொல்ல மாட்டார்.

அழிறப்பரை எடுத்துத் தேய்த்தேன். அதுவும் எங்கேயோ ஒரு மலையில் வெட்டிய பாலில் செய்ததுதானே, அது எனக்கு என்ன உதவி செய்யப் போகிறது? ஐந்தாறு கோடுகள் அழிவதற்குள் தாள் கறுத்துப்போயிற்று. நிறுத்திவிட்டேன்.

விடை எனக்குத் தெரியும். அந்தப் புள்ளியில் சாய்வு ஒன்று. அங்கிருந்து வலப்பக்கம் எவ்வளவு போகிறோமோ அதே அளவு மேலே போனால் அங்கேயும் ஒன்று, மறுபடியும் ஒன்று. வளையவே வளையாது. நேராக ஏறிப்போகிற ஒரு கோடு. பென்சிலைத் தாளின் இடது கோடியில், கீழ் நிரைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு, இறங்குகிற கோடுகளைக் குறுக்கே வெட்டியபடி மேலே கொண்டுபோனேன். மேலே அந்த இரண்டு நிரைகளை அடைந்த இடத்தில் மட்டும், நிரைக்கு ஒன்றாக இரண்டு குட்டிக் கோடுகள் அதோடு ஒத்துப்போயின. மற்ற எல்லாம் அதற்கு எதிராக இருந்தன. கோடு சரி. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட அந்தத் தாளில் எதுவும் இல்லை. மணி அடித்தது.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நான் மூன்றாம் நிரையில் நின்றேன். றிப்னா போன் எடுத்துத் தன்னுடையதைச் சொல்லாமல் என்னுடையதைக் கேட்டாள். அதிலிருந்தே அவள் தேறிவிட்டாள் என்று தெரிந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், அதைச் சொல்லவும் செய்தேன். பிறகு என்னுடைய பரீட்சைச் சுட்டெண்ணைப் போனில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு. போன தடவையைவிட ஒன்று கூட. இனி ஒரு தடவை கிடையாது.

போனை வைத்துவிட்டுத் தகட்டை எடுத்தேன். முதல் மரத்தில் அம்மா பூசிய களிமண் காய்ந்து உதிர்ந்து, ஏறுகிற வெட்டு தழும்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே புதுக்கோடு கீறி வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் தகட்டை வைக்கப் போனேன். பின்னால் வந்துகொண்டிருந்த இராமசாமி மாமா நிரை முழுக்க ஒரு தடவை கண்ணை ஓட்டினார். கிட்ட வந்து கம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனி இது வேணாம் புள்ள," என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. நல்ல மனுஷன், எனக்காக இத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறார். "போன மாசத்துலருந்து பாக்குறேன். ஒண்ணுகூடப் பெசகல. கை திரும்பி வந்துருச்சு."

சரிங்க மாமா என்றேன். கத்தியை இடப்பக்கம் உயரத்தில் வைத்து வலப்பக்கமாக இழுத்தேன். பால் வெட்டின் வழியே ஒழுங்காக ஓடிப் பீலியில் விழுந்தது. அடுத்த மரத்துக்குப் போனேன்.